செவிட்டுப் பக்கம்

ஊறுகாய் கடிக்கிற வேலை எனக்குத்தான் என்று முதல் ஒத்திகையிலேயே முடிவாகிவிட்டது.

"வினிகர் பட்டா எனக்குத் தொண்டை கட்டிக்கும்டி," என்றாள் கோரா. "ஓபலுக்கு அதைப் பார்த்தாலே குமட்டுது. உன் தொண்டை இரும்பு. நீயே கடிச்சிடு."

ஓபல் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். நான் சரி என்றேன். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர், "டின்விடி வெள்ளரி ஊறுகாய்! அந்தச் சத்தத்தைக் கேளுங்கள்!" என்று கூவுவார். நான் மைக்கின் முன்னால் வந்து ஒரு முழு வெள்ளரியைக் கடிக்க வேண்டும். வீட்டில் ரேடியோ பக்கத்தில் இருப்பவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊற வேண்டும். அவ்வளவுதான்.

எங்களுக்கு டின்விடி சகோதரிகள் என்று பெயர். மூன்று பேருக்கும் ஒரே அம்மா கிடையாது, ஒரே தெருகூடக் கிடையாது. கோரா ஸ்வீனியின் அப்பா படகுத்துறையில் மூட்டை ஏற்றுபவர். ஓபல் டகெட் ஆற்றுக்கு அக்கரையில் கென்டக்கிக்காரி. நான் ஹெட்டி ப்ரூனர், வைன் தெருவில் சலூன் வைத்திருக்கும் அல்பான் ப்ரூனரின் மகள். சின்சினாட்டியில் அப்போது தெருவுக்கு ஒரு சகோதரிகள் குழு இருந்தது. எல்லாருக்கும் ரேடியோ மேல்தான் கண். மிட்டாய்ச் சகோதரிகள், மாவுச் சகோதரிகள், ஒரு நிலக்கரிக் கம்பெனிக்குக்கூடச் சகோதரிகள். எங்களுக்கு ஊறுகாய் கிடைத்தது.

கோரா மேல்குரல். ஓபல் நடுக்குரல். நான் அடிக்குரல். யார் எந்த இடத்தில் எந்த ஸ்வரத்தைப் பாட வேண்டும் என்று எழுதுவதும் நான்தான். கணக்குப் போடுவது மாதிரி எனக்கு அது பிடிக்கும். கோராவின் குரல் அழகானது. ஆனால் நீளமாகப் பாடினால் சுருதி மெல்ல இறங்கும். இறங்குவது அவளுக்குத் தெரியாது. கீழே என் குரல் இருந்தால் இறங்காது. சின்ன வயதில் மாதா கோயில் பாட்டுக்குழுவில் இதைக் கண்டுபிடித்தோம். அப்போதிலிருந்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டுதான் பாடுவாள்.

அப்பாவுக்கு ரேடியோவில் பாடுவது பிடிக்கவில்லை. சலூனில் ஒரு ரேடியோ இருந்தது, அதில் பந்தாட்டம் மட்டும் கேட்பார். டின்விடிக்காரர்கள் எங்களைக் குரல் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னபோது ருடியின் முகத்தில் சோப்பு தடவிக்கொண்டிருந்தார். ருடி பக்கத்துக் கடையில் சாசேஜ் இறைச்சி விற்பவர்.

"அந்தப் பொட்டியில எல்லாப் பொண்ணுங்க குரலும் ஒண்ணாத்தான் கேக்குது," என்றார் அப்பா.

"என் குரல் தெரியும்பா உங்களுக்கு."

"தெரியாம? நீ தொட்டில்ல அழறப்பவே அடிக்குரல்லதான் அழுத. மாடிவீட்டுக்காரன் வந்து, அல்பான், கன்னுக்குட்டி எப்ப வாங்கினன்னு கேட்டான்."

சலூனே சிரித்தது. நான் சிரிப்பு அடங்கும்வரை நின்றேன்.

"நல்லாப் பாடினா சிகாகோவுல பெரிய ரேடியோ நிலையத்துல கூப்பிடுவாங்கப்பா. மூணு பேரையும்."

அப்பா கத்தியைத் தோல்வாரில் தீட்டினார். அந்தக் காலத்தில் அவரும் பாடியவர். சனிக்கிழமை மாலைகளில் இதே சலூனில் நாலு பேராக நின்று பாடுவார்கள். அவர்தான் அடிக்குரல். மற்ற மூன்று பேரில் ஒருவர் இறந்துபோனார், இருவர் ஊரைவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவர் பாடி நான் கேட்டதில்லை.

"சரி," என்றார். "இந்தப் பொட்டியிலேர்ந்து உன் குரல் என் காதுல விழட்டும். உன் டிரங்குப் பெட்டிய நானே ஸ்டேஷனுக்குச் சுமந்துட்டு வரேன். விழலைன்னா சிகாகோ பேச்சை விட்டுடணும். சோப்பு ஃபேக்டரில வேலை இருக்கு. ஊரோட இரு."

"நான் சாட்சி," என்றார் ருடி. வாய்க்குள் நுரை போயிற்று.

*

குரல் பார்க்கும் நாளில் டின்விடி முதலாளியை நாங்கள் பார்க்கவே இல்லை. அவரும் அவர் சம்சாரமும் கண்ணாடி அறைக்குள் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோவில் முகமா தெரியப்போகிறது, ஒலிபெருக்கியில் வருவதை மட்டும் கேட்டு முடிவு செய்வதுதான் வழக்கம். நாங்கள் மூன்று பேரும் மைக்கின் முன்னால் தோளோடு தோள் உரச நின்று பாடினோம். முடிந்ததும் கோராவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

ஓபலும் நானும் நடைபாதையில் காத்திருந்தோம். ஓபல் தொப்பியைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள்.

கோரா வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. என்னைக் கட்டிக்கொண்டாள்.

"ஜெயிச்சிட்டோம்டி!"

"மூணு பேருமா?"

"மூணு பேரும். சகோதரிங்கன்னா மூணு பேர்தானே?"

அவள் இதயம் என் காதோரம் படபடவென்று அடித்தது. சந்தோஷம் என்று நினைத்தேன்.

முதல் சனிக்கிழமை ஸ்டுடியோவில் தரையில் சுண்ணக்கட்டியால் குறி போட்டிருந்தார்கள். மைக் ஒரு கருப்புப் பெட்டி. செங்கல் அளவு இருக்கும், முன்னும் பின்னும் சல்லடை. லாயிட் என்ற ஒலிக்காரர் போட்ட குறிகள் அவை. மைக்கின் முகத்துக்கு எதிரே இரண்டு. மூன்றாவது மட்டும் பக்கவாட்டில், பெட்டியின் விளிம்புக்கு நேராக.

"நான் ஏன் இந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"உன் குரல் கனம்டி," என்றாள் கோரா வேகமாக. "முன்னாடி நின்னா எங்க ரெண்டு பேரையும் முழுங்கிடுவ. இல்ல, லாயிட்?"

லாயிட் சுண்ணக்கட்டியைப் பையில் போட்டுக்கொண்டே, "ம்," என்றார்.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. கோயிலிலும் கனத்த குரல்களைத் தூண் ஓரமாகத்தான் நிறுத்துவார்கள். எங்கே நின்றாலும் கோயில் முழுக்கக் கேட்கும். கோயிலில் பாடி வளர்ந்தவர்களுக்கு, அறையில் கேட்கிற குரல் மைக்கிலும் போகும் என்பதில் சந்தேகமே வராது.

சிவப்பு விளக்கு எரிந்தது. ஒலிபரப்பு தொடங்கியது. நிலாவும் நீராவிப் படகும் வரும் ஒரு பாட்டு. கடைசி அடிக்கு முன்னால் பியானோ நின்றுவிடும். மூன்று குரல்கள் மட்டும் நீளமாகப் போகும். பிறகு பியானோ வந்து சேர்ந்துகொள்ளும். அந்த இடத்தை நான்தான் அப்படி எழுதினேன். பியானோ திரும்பி வரும்போது குரலும் அதுவும் ஒரு மயிரிழைகூட விலகாமல் பொருந்தினால் கேட்பவர்களுக்குச் சிலிர்க்கும் என்று தெரியும். அன்று பொருந்தியது. கோராவின் விரல்கள் என் சட்டைக் கையில் இருந்தன. நிகழ்ச்சி பார்க்க வந்து எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அறிவிப்பாளர் கூவினார். கண்ணாடிக்குப் பின்னால் லாயிட் கையை ஆட்டி, முன்னால் வா, இன்னும் கிட்டே வா என்றார். கோராவுக்கும் ஓபலுக்கும் நடுவில் புகுந்து வெள்ளரியைக் கடித்தேன். கைதட்டினார்கள்.

டிராமில் வீடு திரும்பும்போது கையில் வினிகர் வாசனை. அதுகூட நன்றாக இருந்தது.

*

சலூனில் உட்கார இடமில்லை. அப்பா தெருவையே கூப்பிட்டிருந்தார். கதவைத் திறந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள்.

"தேன் மாதிரி இருந்துச்சு ஹெட்டி உன் குரல்!" என்றார் ருடி.

அப்பா கைதட்டவில்லை. யாருக்கோ பின்கழுத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார். முடித்து, துணியை உதறி, மடித்து வைத்தார்.

"நீ எங்க இருந்த?"

"ஸ்டுடியோலப்பா."

"பாடினது ரெண்டு பேர்."

"மூணு பேர்."

"ரெண்டு பேர்தான். ஒண்ணு அந்த ஸ்வீனி பொண்ணு. இன்னொண்ணு மூக்கால பாடுது, அது கென்டக்கி. கீழ ஒண்ணுமே இல்ல. யார் பாடினாலும் என் காது நேரா அடிக்குரலுக்குத்தான் போகும்மா. இன்னிக்குப் போய்த் தேடிட்டு வெறுமனே திரும்பி வந்துடுச்சு."

 ருடி தன் பூட்ஸைப் பார்த்தார்.

"பாட்டு முடிஞ்சதும் ஒரு சத்தம் வந்துச்சு," என்றார் அப்பா. "நறுக்குன்னு. அது யாரு?"

"அது நான்தான்."

ருடி அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அவர் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்பு. "அடேயப்பா, நம்ம தெருப் பொண்ணு கடிச்ச கடி ஒஹையோ முழுக்கக் கேட்டிருக்கு!" என்றார் ஒருவர்.

அப்பா சிரிக்கவில்லை.

"ஊறுகாய் கடிக்கப் போறேன்னு நேராச் சொல்லியிருக்கலாம். அதுவும் வேலைதான். நான் ஊரைக் கூட்டியிருக்க மாட்டேன்."

நான் பொய் சொன்னேன் என்று நினைத்துவிட்டார். பாடினேன் என்று எப்படி நிரூபிப்பது? மாடிக்குப் போய்ப் படுத்தேன். நான் பாடினேன். கோரா கேட்டாள். என் கையைப் பிடித்திருந்தாளே.

அப்பா அதற்குப் பிறகு சிகாகோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சோப்பு ஃபேக்டரியில் யாரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது சொன்னார்.

*

அடுத்த ஒத்திகைக்கு நான் சீக்கிரமே போனேன். லாயிட் தனியாக உட்கார்ந்து ரொட்டிக்கு நடுவில் எதையோ வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ரேடியோவுல என் குரல் வரலையாம்," என்றேன். "மைக் ஏதாவது கெட்டுப்போச்சா?"

"மைக் நல்லாத்தான் இருக்கு. உங்க குரல் வராது."

"ஏன்?"

அவர் மெல்வதை நிறுத்தினார். "வரக்கூடாதுன்னுதானேங்க உங்களை அங்க நிக்க வச்சோம்? உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று தலையசைத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், ஸ்டுடியோக் கதவைப் பாதி திறந்தார்.

"இப்ப காத்து முன்னாடியிருந்து அடிச்சா இந்தக் கதவு ஆடும். பின்னாடியிருந்து அடிச்சாலும் ஆடும். கதவோட ஓரத்துக்கு நேரா நின்னு ஊதினா? ஆடாது. அந்த மைக்குக்குள்ள ஒரு மெல்லிசான தகடு தொங்குது. அதுவும் இந்தக் கதவு மாதிரிதான். ஓரத்துல நின்னு பாடினா அது அசையாது. நாங்க அதைச் செவிட்டுப் பக்கம்னு சொல்லுவோம். நாடகத்துல வசனம் எடுத்துக் குடுக்கறவங்க அங்கதான் நிப்பாங்க. கூட இருக்கறவங்களுக்குக் கேக்கணும், வெளிய போகக்கூடாது."

"யார் சொன்னாங்க என்னை அங்க நிக்கச் சொல்லி?"

"கோராதான். நீங்க சுருதி குடுக்க வர்ற பொண்ணுன்னு சொன்னாங்க."

"நான் பாட்டு முழுக்கப் பாடினேனே."

"சுருதி குடுக்கறவங்க முழுக்கப் பாடத்தானேங்க வேணும்?"

அவர் மேல் கோபப்பட முடியவில்லை. ஒரு உதவி கேட்டேன். அவரை என் குறியில் நிற்கச் சொல்லிவிட்டு நான் கண்ணாடி அறைக்குள் போனேன். அவர் வாய் அசைந்தது, கையும் அசைந்தது. ஒலிபெருக்கியிலிருந்து ஏதோ கிணற்றுக்குள் முனகுவது போல ஒரு சாயல், அவ்வளவுதான். அவர் ஓரடி நகர்ந்தார். "உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம்," என்றது ஒலிபெருக்கி, என் காதுக்குள்ளேயே வந்து பேசுவது போல.

அந்த ஓரடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோராவும் ஓபலும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். லாயிட் தன் மிச்சச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"கோரா, நான் ஏன் செவிட்டுப் பக்கம் நிக்கறேன்?"

கோரா கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். ஓபல் கூரையைப் பார்த்தாள். அதிலேயே அவளுக்கும் தெரியும் என்று புரிந்தது.

"முதலாளியோட சம்சாரம் சொன்னாங்க," என்றாள் கோரா. "சகோதரிங்க பாடறாங்கன்னு பார்த்தா உள்ள ஒரு ஆம்பள இருக்கானேன்னு. முதலாளி உன்னை நீக்கச் சொல்லிட்டார். உன்னை மட்டும். நான்தான் கெஞ்சினேன்."

"என்னன்னு கெஞ்சின?"

"நிக்கட்டும், வெளிய கேக்காதுன்னு."

"அன்னிக்கு என்னைக் கட்டிப் பிடிச்சு ஜெயிச்சிட்டோம்னு சொன்னியே."

"ஜெயிக்கலையா? போட்டோவுல நீ இருக்க. பேர் சொல்றப்ப உன் பேரும் வருது. வேற எவளாவது இருந்தா உன்னைக் கழட்டி விட்டிருப்பா."

"எங்கப்பா என்னைப் பொய்க்காரின்னு நினைக்கறார்."

அவள் முகம் ஒரு கணம் வாடியது. அப்பாவின் சவால் அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லி என்னோடு சேர்ந்து சிரித்தவள்தான்.

"சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?" என்று கேட்டாள்.

"மாட்டேன்."

"அதான் சொல்லல. நீ பக்கத்துல இல்லாம என்னால பாட முடியாதுடி. அது உனக்கே தெரியும்."

என்மேல் உள்ள பிரியத்தைச் சொல்வது போலத்தான் சொன்னாள். பிரியமாகவும் இருக்கலாம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஓபல், உனக்கும் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது?" என்றாள் ஓபல். "நான் மூக்கால பாடறேன்னும்தான் சொன்னாங்க. நான் வாயை மூடிக்கிட்டு, மூக்கால பாடிக்கிட்டு இருக்கேன்."

வேறொரு நாளாக இருந்தால் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

"இந்த சனிக்கிழமை சிகாகோக்காரங்க டெலிபோன் கம்பி வழியாக் கேக்கறாங்க," என்றாள் கோரா. என் சட்டைக் கையைப் பிடித்தாள். "அதே பாட்டு. இது மட்டும் முடியட்டும். நான் பெரிய ஆளாயிட்டா அப்புறம் நான் சொல்றதுதான். உன்னை முன்னாடி கொண்டு வந்து நிறுத்தறேன். சத்தியமா."

எனக்குச் சண்டை போட வராது. கத்தினால் குரல் இன்னும் கீழே போய்விடும், கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். சரி என்றேன். அவள் என் கன்னத்தில் முத்தமிட்டாள்.

சனிக்கிழமைவரை யோசித்தேன். பாட்டு நடுவில் அந்த ஓரடியை நகர்ந்து முன்னால் போகலாம். லாயிட் ஒலிக் குமிழைத் திருகி எல்லாரையும் சேர்த்து அடக்கிவிடுவார். போகாமலே இருந்துவிடலாம். கோரா சுருதி கொடுக்க வேறொருத்தியைத் தேடிக்கொள்வாள். நான் எழுதியதை அவள் பாடுவாள். எது செய்தாலும் அப்பாவின் காதுக்குள் நான் போய்ச் சேர வழி இல்லை.

போனேன். என் குறியில் நின்றேன்.

*

அன்று முதலாளி எங்களுக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் சம்சாரம், இறகு வைத்த தொப்பியோடு. சிவப்பு விளக்கு எரிந்தது. கோரா என் சட்டைக் கையைப் பிடித்தாள். 

முதல் இரண்டு அடிகளையும் எப்போதும் போலப் பாடினேன். கோரா நன்றாகப் பாடினாள். அவ்வளவு நன்றாக அவள் பாடி நான் கேட்டதில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

பியானோ நின்றது.

நான் வாயை அசைத்தேன். குரல் கொடுக்கவில்லை.

எதிரே இருந்தவர்களுக்கு முதலில் எதுவும் தெரியவில்லை. கோராவுக்கு உடனே தெரிந்தது. என் சட்டைக் கையை ஒருமுறை இழுத்தாள், மணிக்கயிற்றை இழுப்பது போல. மறுபடி இழுத்தாள். தலையைத் திருப்ப முடியாது, மைக்கை விட்டு முகம் விலகினால் அவள் குரல் போய்விடும். கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள். நான் வாயை அசைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் இறங்க ஆரம்பித்தாள். மெதுவாகத்தான். வெந்நீர் ஆறுவது போல. ஓபல் அவளைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பொருத்தமாகவே இருந்தார்கள், அதனால் எங்கே போய்விட்டோம் என்று இருவருக்குமே தெரியவில்லை.

பியானோ திரும்பி வந்தது.

கூடத்தில் ஒருவர், "ஐயோ," என்றார். முதலாளி எழுந்து நின்றார். அவர் சம்சாரம் தொப்பியைப் பிடித்துக்கொண்டார், காற்று அடித்தது போல. பியானோக்காரர் சுருதியை மாற்றிப் பிடிக்கப் பார்த்து, அதற்குள் கோரா பியானோவை நோக்கி ஏறப் பார்த்து, இருவரும் நடுவழியில் ஒருவரையொருவர் தவறவிட்டார்கள். லாயிட் குமிழைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார். அவருக்கு மட்டும் புரிந்துவிட்டது.

பாட்டு ஒருவழியாக முடிந்தது. அறிவிப்பாளருக்கு வேறு வழி தெரியவில்லை. "டின்விடி வெள்ளரி ஊறுகாய்!" என்று முன்னைவிடப் பலமாகக் கூவினார். "அந்தச் சத்தத்தைக் கேளுங்கள்!"

நான் வெள்ளரியோடு மைக்கின் முன்னால் வந்தேன். இப்போது அந்தத் தகடு என்னைப் பார்த்துத் தொங்கியது. சிகாகோ கேட்கிறது. சலூன் கேட்கிறது. மூச்சு விட்டாலும் போகும். கோராவின் கண் நிரம்பியிருந்தது. வேண்டாம், வேண்டாம் என்று சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். இப்போது குரல் இல்லாமல் வாயை அசைப்பது அவள் முறை.

கடித்தேன். நல்ல வெள்ளரி. நறுக்கென்று உடைந்தது.

நடைபாதையில் கோரா என்னைப் பிடித்து நிறுத்தினாள். கண்மை கன்னத்தில் வழிந்திருந்தது.

"ஏன்டி இப்படிப் பண்ணின?"

"என்ன பண்ணினேன்? நான் பாடினாலும் பாடலைன்னாலும் ரேடியோவுல ஒண்ணுதானே?"

அவள் என்னைப் பிடித்திருந்த கையை விட்டாள்.

"துரோகி," என்றாள்.

நான் சொல்லியிருக்க வேண்டிய அந்த வார்த்தையிலும் அவள் முந்திக்கொண்டாள்.

*

சலூனில் அப்பாவும் ருடியும் மட்டும் இருந்தார்கள். ரேடியோ அணைந்திருந்தது. இந்த முறை அப்பா யாரையும் கூப்பிடவில்லை.

"உள்ள வா. கதவைச் சாத்து, குளிருது."

"கேட்டீங்களா?"

"கேட்டோமே," என்றார் ருடி நாற்காலியிலிருந்து. "பியானோ வந்தப்ப நான் துள்ளி எழுந்துட்டேன். நல்லவேளை, உங்கப்பன் கத்தி என் கழுத்துல இல்ல."

அப்பா கத்தியை வெந்நீரில் முக்கி எடுத்தார்.

"போன வாரம் அந்த இடத்துல சுருதி இறங்கல," என்றார்.

நான் சாத்திய கதவில் சாய்ந்து நின்றேன்.

"அந்த ஸ்வீனி பொண்ணு தனியா அந்த இடத்தைத் தாண்ட மாட்டா. கோயில்ல சின்னப் பொண்ணாப் பாடினப்பவே கவனிச்சிருக்கேன். போன வாரம் தாண்டினா. அப்படின்னா கீழ யாரோ பிடிச்சிட்டிருந்தாங்க. எனக்குக் கேக்கல. ஆனா பிடிச்சிட்டிருந்தாங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடியில் என் பிம்பத்தைப் பார்த்தார்.

மைக்கைப் பற்றிச் சொன்னேன். கதவு, தகடு, சுண்ணக்கட்டிக் குறி, கட்டிப் பிடித்து ஜெயிச்சிட்டோம் என்று சொன்னது, எல்லாம். ஓபலின் மூக்கைப் பற்றிச் சொன்னபோது ருடிக்குச் சிரிப்பு வந்தது, இருமலாக்கிக்கொண்டார். அப்பா கத்தியைத் துணியில் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

"பெட்டிய இறக்கட்டுமா?" என்று கேட்டார். "சொன்ன சொல் சொன்னதுதான்."

"யாரோடப்பா போறது?"

 ஒரு ரயில் ஆற்றுப் பாலத்தைக் கடந்து போகும் சத்தம் கேட்டது.

"அது சரி ஹெட்டி," என்றார் ருடி. "நீ பாடினதை நான் இன்னும் கேக்கவே இல்ல. தேன்னு வேற புளுகிட்டேன். இங்க பாடேன், கேப்போம்."

கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பாடினேன். நிலாவும் நீராவிப் படகும். அடிக்குரலை மட்டும். ஒரே ஸ்வரத்தில் நிற்கும், கொஞ்சம் நகரும், திரும்பி வந்து அங்கேயே நிற்கும். நடுவில் காலியிடங்கள். அதுவரை நான் அதைத் தனியாகப் பாடியதே இல்லை. இவ்வளவு காலியாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

"பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றார் ருடி.

"சும்மா இருடா," என்றார் அப்பா. "இதுக்கு மேல ஆள் வேணும்."

பியானோ நிற்கிற இடம் வந்தது. என் வலது கை தானாகக் கொஞ்சம் விலகி நின்றது, யாரோ சட்டையைப் பிடித்துக்கொள்ள வசதியாக. கோரா முதலில் எடுக்க வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். அவள் பாடி முடிக்கும் நேரம்வரை காத்திருந்தேன். பிறகு என் அடியைப் பாடினேன்.